குறட்டை நின்ற நொடிகள்

எங்கள் வீட்டில் மளிகைக் கணக்கு எழுத ஒரு நீல அட்டை நோட்டு உண்டு. சௌராஸ்தா பசாரில் வாங்கிய மீன், கறிவேப்பிலை, பால் டின், பிள்ளையின் பஸ் காசு எல்லாம் அதில்தான் ஏறும். ஒருநாள் தற்செயலாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே வேறு கணக்கு இருந்தது. ஒரு தேதி, அதன் கீழே 14, 22, 31, 19, 47. வெள்ளியா காசா என்று புரியவில்லை. மனைவியிடம் கேட்டேன்.

"நீங்க மூச்சு விடாம இருந்த செகண்டு" என்றாள், வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.

இருபது வருஷமாக என் குறட்டை எங்கள் குடும்பத்தின் சொந்த நகைச்சுவை. பினாங்கில், எங்கள் ஜெலுத்தோங் பிளாட்டில், பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் லிஃப்டில் பார்த்தால், நேற்று பட்டர்வொர்த் ஃபெர்ரி சீக்கிரமே வந்துவிட்டதோ என்று கேட்பார். கல்யாண வீடுகளில் எனக்கென்று தனி அறை ஒதுக்குவார்கள், மரியாதைக்காக அல்ல. அந்தச் சத்தம் இத்தனை வருஷம் எங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தது. சத்தம் நின்றுபோகும் இடங்களை எண்ணியவள் அவள் ஒருத்திதான். 47 என்று எழுதிய இரவில், கையில் கைப்பேசியின் நேரத்தை வைத்துக்கொண்டு, என்னை உலுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம். கடைசியில் ஒரு துள்ளலும் உறுமலுமாக நானே மூச்சை இழுத்துக்கொண்டேன். தனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது என்றாள்.

டாக்டர்கள் இதை ஸ்லீப் அப்னியா என்கிறார்கள். தூக்க மூச்சடைப்பு என்று சொல்லலாம். மூச்சு பத்து நொடிக்குக் குறையாமல் நின்றால் ஒரு கணக்கு. பாதி அடைத்து ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கினால் அதுவும் கணக்கில் சேரும். ஒரு மணி நேரத்துக்கு இப்படி எத்தனை முறை என்பதுதான் ஏ.எச்.ஐ. எனும் எண். ஐந்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை. என் எண் 38. தூக்கத்தில் ஆக்சிஜன் 76 சதவீதம் வரை இறங்கியிருந்தது. பகலில் அந்த அளவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் ஸ்ட்ரெச்சரில்தான் உள்ளே தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஏன் அடைக்கிறது? மூக்குக்கு எலும்பு உண்டு, மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையம் உண்டு. நடுவே நாக்குக்குப் பின்னால் இருக்கும் அந்த நாலு விரற்கடை தூரம் வெறும் சதைக் குழாய். விழித்திருக்கும்போது தசைகள் முறுக்காக நின்று அதைத் திறந்து வைத்திருக்கும். தூங்கினால் தளரும். பொங்குஸ் பண்ணி வாங்கிய தே ஐஸின் கடைசி மிடறை ஸ்டிராவால் உறிஞ்சும்போது பிளாஸ்டிக் பை உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளுமே, அப்படி ஒட்டிக்கொள்கிறது. மூளை பதறி அரைகுறையாக எழுப்பிவிடும், தசை மீண்டும் இறுகும், காற்று போகும். நமக்கு எதுவும் நினைவிருக்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் உடம்பு அட்ரினலினைக் கொட்டி, ரத்த அழுத்தத்தை ஏற்றி, இதயத்தை ஓட வைத்திருக்கும். என் அழுத்த மாத்திரை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியும் எண் இறங்காத மர்மம் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

வீட்டில் எனக்குக் கும்பகர்ணன் என்று பட்டம். அவனாவது ஆறு மாதம் நிஜமாகவே தூங்கினான். நான் இருபது வருஷமாகச் சரியாகத் தூங்கவே இல்லை.

இது அபூர்வமான நோய் அல்ல. 2019-இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த கணிப்பின்படி, உலகில் 30 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் சுமார் 93 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கிறது. நம் மலேசியாவுக்குத் தனியாகக் கவலைப்படக் காரணம் உண்டு. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 54.4 சதவீதத்தினர் எடை கூடியவர்கள். இங்குள்ள இந்தியர்களிடையே கிட்டத்தட்ட மூவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக அதே தேசிய ஆய்வு 2019-இல் சொன்னது. எடை, சர்க்கரை, அழுத்தம், மூச்சடைப்பு நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று வந்தால் மற்றவை பின்னாலேயே வரும். ஒல்லியாக இருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஆசிய முகவாகில் தாடை சற்று உள்வாங்கி, தொண்டை இடுக்கமாக இருப்பது சகஜம். ஐரோப்பியருக்கு அதிக எடையில் வருவது நம்மில் பலருக்குக் குறைந்த எடையிலேயே வந்துவிடும்.

2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி 69 வயதில் மும்பையில் இறந்தபோது, மருத்துவமனை சொன்ன காரணங்களில் முதலில் நின்ற பெயர் இதுதான். அவருடைய 'பாடும் வானம்பாடி' படப் பாட்டுக்கு ஆடிய தலைமுறையில் எத்தனை பேர் அந்தச் செய்தியை முழுதாகப் படித்தோம்? கழுத்துச் சங்கிலிகளைப் பற்றித்தான் பேசினோம்.

பெல்ட், கிளிப், குழாய்

முதலில் பரிசோதனை, பிறகுதான் சிகிச்சை. சாதாரணமாகச் சொல்வதுபோல் இருக்கும், ஆனால் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். இணையத்தில் தாடைப் பட்டை வாங்குகிறார்கள், மூக்கில் ஒட்டும் பிளாஸ்திரி வாங்குகிறார்கள். சிலர் வாயை டேப் போட்டு ஒட்டிக்கொள்கிறார்கள். மூக்கடைப்பும் மூச்சடைப்பும் உள்ளவர் வாயையும் அடைத்துக்கொள்வதைப் பற்றி என்ன சொல்ல!

ஆஸ்பத்திரியில் ஓரிரவு தங்கி, தலையெல்லாம் ஒயர் ஒட்டிப் பார்ப்பது முழுப் பரிசோதனை. எனக்கு வீட்டில் வைத்தே செய்யும் சின்னப் பரிசோதனை போதும் என்றார்கள். மிஸ்ஸி என் நெஞ்சில் ஒரு பெல்ட்டைச் சுற்றிக் காட்டினார், விரலில் சிவப்பு விளக்கு எரியும் கிளிப், மூக்கில் மெல்லிய குழாய், கைப்பேசி அளவில் ஒரு பெட்டி. "அங்கிள், ராத்திரி கழட்டிடாதீங்க, போன வாரம் ஒருத்தர் பாத்ரூம்ல கழட்டி வச்சிட்டு அங்கேயே விட்டுட்டாரு. விடிய விடிய வாளிக்குத்தான் டெஸ்ட் எடுத்திருக்கு" என்றார்.

அரசு சுகாதார கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் நிபுணர் கிளினிக்குக்குப் போனால் கட்டணம் ஐந்து வெள்ளிதான். காத்திருப்பதற்குப் பொறுமை வேண்டும். மேடானிலிருந்து விமானம் ஏறி நோயாளிகள் வந்து இறங்கும் தனியார் ஆஸ்பத்திரிகள் இந்தத் தீவு முழுக்க இருக்கின்றன. அங்கே அடுத்த வாரமே முடிந்துவிடும், பில்தான் வேறு மாதிரி.

எட்டு மாதம் தூங்கிய மெஷின்

ரிப்போர்ட் வந்த கையோடு நான் செய்த தவறு, ஒரு கடைக்குப் போய் மூச்சடைப்புக்கான மெஷின் வாங்கியது. பெயர் சொல்ல வேண்டாம். விற்றவர் ஒரு மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பார்த்து, "பாஸ், பெர்ஃபெக்ட்" என்றார். சில ஆயிரம் வெள்ளி கைமாறியது. நாலு இரவு போராடினேன். ஐந்தாவது இரவு அது அலமாரிக்குள் போனது. அடுத்த எட்டு மாதம் எங்கள் வீட்டில் நன்றாகத் தூங்கியது அது ஒன்றுதான்.

சிபேப் எனப்படும் இந்த மெஷின் செய்வது எளிமையான வேலை. அறைக் காற்றை உறிஞ்சி, மெல்லிய அழுத்தத்தில் மூக்கு வழியாக விடாமல் ஊதுகிறது. ஆக்சிஜன் எதுவும் கிடையாது, பலர் அப்படி நினைக்கிறார்கள். அந்தக் காற்றுத் தூண் தொண்டையை உள்ளிருந்து முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கிறது. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980-இல், வீட்டுத் தூசு உறிஞ்சும் கருவியின் மோட்டாரைத் திருப்பிப் போட்டதுபோன்ற ஓர் ஊதுகுழலை வைத்து இதைச் செய்துகாட்டி, 1981-இல் லான்செட்டில் வெளியிட்டார். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்கு இருந்த உறுதியான சிகிச்சை ஒன்றுதான்: கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பது. ஆரம்ப காலத்தில் மூக்குக்கு அச்சு எடுத்துச் செய்த மாஸ்க்கை ஒவ்வோர் இரவும் பசை போட்டு முகத்தில் ஒட்டிக்கொண்டார்கள். அதை நினைத்தால் என் புகார்கள் எனக்கே கூச்சமாக இருக்கின்றன.

இருந்தாலும் சொல்கிறேன். முதல் சிக்கல் என் மீசை. மூக்கையும் வாயையும் மூடும் பெரிய மாஸ்க் மீசையின் மேல் உட்கார்ந்தால் இடுக்கு வழியாகக் காற்று சீறி, நேரே கண்ணுக்குப் போகும். படுக்கும்முன் முகத்தில் எண்ணெய் தடவும் பழக்கம் உள்ளவர்களுக்கு மாஸ்க் வழுக்கும். ஏர்கான் குளிரில் ஈரக் காற்று குழாய்க்குள் தண்ணீராக மாறி, விடியற்காலை மூன்று மணிக்கு மூக்கில் சளசளவென்று வந்து விழும். காற்றை விழுங்கி வயிறு ஊதும், காலையில் ஏப்பம். பசியாறப் போன இடத்தில் கன்னத்தில் பட்டைத் தழும்பைப் பார்த்து, "வீட்ல சண்டையா?" என்று கேட்டவர்கள் உண்டு.

இவை அனைத்துக்கும் வழி இருந்தது, எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. எட்டு மாதம் கழித்து இன்னொரு கிளினிக்கில், ஒரு பெண் தொழில்நுட்பர் ஒரு மணி நேரம் என்னைப் படுக்கவைத்து நாலு மாஸ்க் மாற்றினார். மூக்குத் துவாரங்களில் மட்டும் செருகும் சின்ன மாஸ்க் மீசைக்குப் பிரச்சினை இல்லை. குழாயைச் சூடாக்கும் வசதி வைத்தால் தண்ணீர் சேராது. படுக்கையில் போடுவதற்கு முன் ஒரு வாரம், டிவியில் செய்தி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகச் சொன்னார். மகள் அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். போகட்டும்.

மெஷின்களை நம்பி மட்டும் இருக்கவும் முடியாது. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து காற்றில் கலக்கக்கூடும் என்று தன் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற அறிவித்தது நினைவிருக்கலாம். இணையத்தில் மலிவாக வரும் பழைய மெஷின் வாங்குகிறவர்கள் மாடலையும் வருஷத்தையும் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு

எந்தச் சிகிச்சை சிறந்தது என்று கேட்டால் எல்லா டாக்டரும் சிபேப் என்றுதான் சொல்வார்கள். மாட்டியிருக்கும் நேரத்தில் அதற்கு இணை கிடையாது. என் 38 அதில் 2 ஆகிறது. ஆனால் அந்த "மாட்டியிருக்கும் நேரத்தில்" என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது.

ஏழு மணி நேரம் தூங்கும் ஒருவருக்கு ஏ.எச்.ஐ. 40 என்று வையுங்கள். மெஷினைப் பாதி இரவு மட்டும் போட்டுக் கழற்றிவிடுகிறார். முதல் பாதியில் 2, மறு பாதியில் 40. சராசரி 21. அவருடைய தம்பிக்கும் அதே 40. அவர் பல்லில் மாட்டும் கருவி ஒன்றை வைத்துக்கொள்கிறார். அது பாதிதான் குறைக்கும், 20 ஆகிறது. ஆனால் விடியும்வரை வாயிலேயே இருக்கிறது. சராசரி 20. நூற்றுக்கு நூறு வேலை செய்யும் விலை உயர்ந்த மெஷினும், பாதி வேலை செய்யும் பல் கருவியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. கனவு வரும் தூக்கம் பெரும்பாலும் இரவின் பின்பாதியில் வருகிறது. அப்போதுதான் தசைகள் முழுதாகத் தளர்ந்து மூச்சடைப்பு மோசமாகிறது. இரண்டு மணிக்கு மாஸ்க்கைக் கழற்றுகிறவர் மழை வலுக்கும் நேரம் பார்த்துக் குடையை மடக்குகிறார்.

இது என் காகிதக் கணக்கு மட்டுமல்ல. 2013-இல் வெளியான சிட்னி ஆய்வு ஒன்றில் 126 பேருக்கு ஒரு மாதம் மெஷின், ஒரு மாதம் பல் கருவி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மூச்சடைப்பை மெஷின்தான் அதிகம் குறைத்தது. ஆனால் மெஷினைச் சராசரியாக ஐந்து மணி நேரம் போட்டவர்கள் பல் கருவியை ஆறரை மணி நேரம் போட்டார்கள். ரத்த அழுத்தம், பகல் தூக்கம் போன்றவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. 2016-இல் வந்த சேவ் என்ற பெரிய ஆய்வில், இதய நோயோ பக்கவாதமோ ஏற்கெனவே இருந்த 2717 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். மெஷின் கொடுத்ததால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை என்று முடிவு வந்தது; மெஷினே வீண் என்று நினைக்கத் தோன்றும். அவர்கள் ஓர் இரவுக்கு மெஷின் போட்டிருந்த சராசரி நேரம் 3.3 மணி. அதோடு, பகலில் மிகவும் தூங்கி வழிகிறவர்களையும் ஆக்சிஜன் மிக மோசமாக இறங்குகிறவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அரை மாத்திரை சாப்பிட்டவர்களை வைத்து மாத்திரையின் மேல் பழி போட்ட கதைதான் அது.

ஆகவே டாக்டரிடம் "எது பவர்?" என்று கேட்பதைவிட, "பத்தாவது மாசத்துலயும் நான் எதைப் போட்டுக்கிட்டுப் படுப்பேன்?" என்று நம்மையே கேட்டுக்கொள்வது பலனுள்ளது. அதற்கு உண்மையான பதில் படுக்கையின் மறுபாதியில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஆலோசனைக்கு அவரையும் அழைத்துப்போங்கள்.

அந்தப் பல் கருவி பற்றி இரண்டு வரி. இரவில் மேல்பல்லிலும் கீழ்ப்பல்லிலும் மாட்டிக்கொண்டால் கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே இழுத்து நிறுத்தும். நாக்கும் கூடவே முன்னால் வரும். லேசான, நடுத்தர நோய்க்கு நல்லது. கடுமையான நோயில் மெஷினே ஒத்துவராதவர்களுக்கு மாற்று. சொந்தப் பல் போதுமான அளவு இருக்க வேண்டும், பல் செட் வைத்திருப்பவர்களுக்கு ஆகாது. எச்சில் வழியும், காலையில் தாடை வலிக்கும், வருடக்கணக்கில் போட்டால் கடிக்கும் வாகு கொஞ்சம் மாறும். பல் மருத்துவர் அச்சு எடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும். வெந்நீரில் போட்டுக் கடிக்கும் இணையச் சரக்கு வேறு ஜாதி.

கத்தியை நம்பி

"ஒரே ஆபரேஷன்ல முடிச்சிடலாமே?" மெஷினைப் பார்த்ததும் எல்லாரும் கேட்கும் கேள்வி. அண்ணத்தின் பின்பகுதியையும் உள்நாக்கையும் சீராக்கி, டான்சிலை எடுக்கும் அறுவை 1981-இலிருந்து பிரபலம். இரண்டு வாரம் எச்சில் விழுங்குவதே தண்டனையாக இருக்கும். பாதிப் பேருக்குத்தான் நல்ல பலன், அதிலும் சிலருக்கு வருஷம் போகப்போகத் திரும்பி வருகிறது. குறட்டைச் சத்தம் மட்டும் குறைந்து, உள்ளே மூச்சடைப்பு சத்தமில்லாமல் தொடர்வதும் உண்டு. அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடியும் பெல்ட் கட்டிப் பரிசோதித்தே ஆக வேண்டும். டான்சில் மிகப் பெரிதாக இருந்தால் கதை வேறு. இரண்டு தாடை எலும்பையும் வெட்டி முன்னால் நகர்த்தும் அறுவைதான் எல்லாவற்றிலும் பலமானது. ஆனால் முகமே மாறும் அளவுக்குப் பெரிய வேலை. நாக்கு நரம்புக்கு மின்தூண்டல் கொடுக்கும் சின்னக் கருவியை நெஞ்சுக்குள் பதிக்கும் முறைக்கு அமெரிக்கா 2014-இல் அனுமதி தந்தது. அதன் விலையைக் கேட்டால் விழித்திருக்கும்போதே மூச்சு நிற்கும்.

குழந்தைகளுக்கு மட்டும் வரிசை தலைகீழ். தூக்கத்தில் குறட்டை விட்டு, வியர்த்து, வாயால் மூச்சு விட்டு, வகுப்பில் துறுதுறுவென்று அலையும் அல்லது கவனம் சிதறும் பிள்ளைக்கு டான்சிலும் அடினாய்டும்தான் பெரும்பாலும் காரணம். அங்கே ஆபரேஷன்தான் முதல் வழி, பெரும்பாலானவர்களுக்குக் குணமும் தெரியும். படிப்பு வரவில்லை என்று டியூஷனுக்கு அனுப்பும்முன் ஓர் இரவு பக்கத்தில் படுத்துக் கேளுங்கள்.

லோரிக்காரர் கேட்டது

பட்டர்வொர்த்திலிருந்து ஜோகூர் பாருவுக்கு லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். இருபது வருஷ அனுபவம், சட்டையின் கழுத்துப் பொத்தான் போட்டதே இல்லை, போட முடியாது. தைப்பிங் அருகே ஒரு முறை, ஈப்போ டோலில் ஒரு முறை கண் அயர்ந்திருக்கிறார். நான் மெஷின் பற்றிப் பேசும்போதெல்லாம் பேச்சை மாற்றுவார். ஒருநாள் மாமாக் கடையில் தே தாரிக் ஆறும்வரை பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, டெஸ்ட் எடுத்து இருக்குன்னு வந்துச்சுன்னா லைசன்ஸ் போயிடும். இல்லாட்டி நான் நல்லாத்தான் இருக்கேன்."

இந்தப் பயத்தைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மாதத் தவணைக்காரனுக்கு லைசன்ஸ்தான் அடுப்பு. கிளினிக்குகளில் கொடுக்கும் எட்டுக் கேள்வித் தாள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1991-இல் உருவானது. உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, சாப்பிட்டபின், சிக்னலில் காடி நிற்கும்போது தூங்கிவிடுவீர்களா என்று கேட்கும். மொத்தம் 24-இல் பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். லைசன்சுக்காகப் போகும் டிரைவர் அதில் எல்லாவற்றுக்கும் பூஜ்யம்தான் போடுவார். மூச்சடைப்பு உள்ளவர்களுக்குச் சாலை விபத்து ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அவருடைய லோரிக்கு முன்னால் நம் பிள்ளைகளின் பஸ்ஸும் போகிறது.

அவரிடம் நான் சொன்னது இதுதான். இந்த நோயில் வண்டி ஓட்டக்கூடாது என்பது சிகிச்சை இல்லாதவருக்குத்தான். மெஷின் போட்டு, பகல் தூக்கம் போய், கருவிக்குள் இருக்கும் பதிவு அதை நிரூபித்தால் டாக்டர் எழுதித் தர முடியும். இன்றைய மெஷின்கள் எத்தனை மணிக்கு மாட்டினோம், எத்தனைக்குக் கழற்றினோம் என்று வேவு பார்த்து வைக்கின்றன. அவருக்கு அதுவே சாட்சி. லோரியில் தூங்கும் இரவுகளுக்கு பேட்டரியிலிருந்து ஓட்டும் அடாப்டர் கிடைக்கிறது. பணம் முடையென்றால் அரசு ஆஸ்பத்திரியின் மருத்துவ சமூகப்பணிப் பிரிவு வழியாகச் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு எழுதிக் கேட்கலாம். எல்லாருக்கும் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. கேட்காதவருக்குக் கிடைக்காது என்பது மட்டும் நிச்சயம்.

அவர் தே தாரிக்கைக் குடித்து முடித்தார். "மெஷின் சத்தம் போடுமா?" என்றார். சரி, இது ஆரம்பம்.

டிரைவர்களைப் பற்றிப் பேசுகிறோம், பெண்களை விட்டுவிடுகிறோம். 1972 முதல் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் ஷிப்டு முறையில் ஓடுகின்றன. அங்கே உழைத்து ஓய்ந்த அக்காமார் பலர், "ஷிப்டு பாத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று சோர்வைத் தள்ளிவிடுகிறார்கள். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இந்த நோய் வெகுவாகக் கூடுகிறது. பெண்களுக்கு இது பெரும்பாலும் ஆண்களைப்போல் பெரிய குறட்டையாக வருவதில்லை. தூக்கம் வராமை, காலைத் தலைவலி, எரிச்சல், சோர்வு என்று வரும். டாக்டர் தூக்க மாத்திரையோ மனச்சோர்வு மாத்திரையோ எழுதிவிடுவார். கணவன்மார் பக்கத்தில் உருளைக்கட்டையாகக் கிடப்பதால் நொடி எண்ணி நோட்டில் எழுதவும் ஆள் இல்லை.

நாசி கண்டாரும் சங்கும்

எடை குறைந்தால் இந்த நோய் குறையும், இதில் சந்தேகமே இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்த நீண்டகால ஆய்வில் பத்து சதவீதம் எடை குறைந்தவர்களுக்கு மூச்சடைப்பு கால்பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது, பத்து சதவீதம் கூடியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடியது. ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு எடை குறைப்பதா? கேம்பல் ஸ்திரீட்டில் 1907-இலிருந்து நாசி கண்டாருக்குக் கறி ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு "சப்பர்" என்று கூப்பிடாதவன் நண்பனே அல்ல. வயிறு நிறைய நாசி கண்டார், மேலே இரண்டு பீர், அப்புறம் மல்லாந்த படுக்கை: தொண்டையை அடைப்பதற்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. மது தொண்டைத் தசையைத் தளர்த்துகிறது. சில தூக்க மாத்திரைகளும் அப்படியே.

ஊசி மருந்து வந்திருக்கிறதே என்பார்கள். உண்மைதான். எடை குறைக்கும் டிர்செபடைட் மருந்தை, உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான மூச்சடைப்பு உள்ளவர்களுக்கென்று அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது. இந்த நோய்க்கென்றே அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. ஓராண்டு ஆய்வில், மெஷின் போடாதவர்கள் குழுவில் சராசரி ஐம்பதை ஒட்டியிருந்த ஏ.எச்.ஐ. சுமார் 25 குறைந்தது. பெரிய வெற்றிதான்; ஆனாலும் மீதமிருந்த 25-ம் நடுத்தர நோய்தான். நாற்பது சதவீதத்தினர் அளவுக்குத்தான் மெஷின் வேண்டாத நிலைக்கு வந்தார்கள். நிறுத்தினால் எடை திரும்பும், எடையோடு மூச்சடைப்பும். தாடை அமைப்பால் நோய் வந்த ஒல்லிக்காரருக்கு இதில் ஒன்றும் இல்லை.

செலவில்லாத வைத்தியமும் உண்டு. மல்லாந்து படுத்தால் மட்டும் அடைக்கிறவர்கள் பலர். ரிப்போர்ட்டில் அது தனியாகப் போட்டிருக்கும். அவர்கள் ஒருக்களித்துப் படுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பழைய டி-சட்டையின் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொள்வது பழைய தந்திரம். லிட்டில் இந்தியாவில் தையல்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதுகில் பாக்கெட்டா என்று இரண்டு முறை கேட்டார். தைத்துக் கொடுக்கும்போது, "தைப்பூசத்துக்கு வேண்டுதலாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஊதுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிட்ஜெரிடூ என்ற நீண்ட குழலை நாலு மாதம் ஊதப் பழகியவர்களுக்கு மூச்சடைப்பும் பகல் தூக்கமும் குறைந்ததாக 2006-இல் ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வு வந்தது, 25 பேரை வைத்து. 2025-இல் ஜெய்ப்பூரிலிருந்து இன்னொன்று: நடுத்தர நோயுள்ள 30 பேரில் ஒரு பகுதியினர் ஆறு மாதம், வாரம் ஐந்து நாள், பதினைந்து நிமிஷம் சங்கு ஊதினார்கள். பகல் தூக்கம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, மூச்சடைப்பும் மணிக்கு நாலைந்து குறைந்தது. தொண்டைத் தசைக்கு அது உடற்பயிற்சி. சின்ன ஆய்வுதான், கடுமையான நோய்க்கு இதை நம்பி மெஷினை விடக்கூடாது. நம் பக்கத்தில் ஒருவருக்குச் "சங்கு ஊதியாச்சு" என்றால் என்ன அர்த்தம் என்று தெரியும். அதே சங்கை உயிரோடு இருக்கும்போதே தானாக ஊதிக்கொள்ளச் சொல்கிறார்கள். தண்ணீர்மலைக்குக் காவடியோடு போகும் மேளக் குழுவில் நாதஸ்வரம் வாசிப்பவரிடம் குறட்டை உண்டா என்று கேட்டேன். "எனக்கு இல்லீங்க, தவில்காரருக்கு உண்டு" என்றார். அறிவியல் அவ்வளவுதான் நகர்ந்திருக்கிறது இங்கே.

நான் இப்போது எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். மெஷின் இரவுக்கு ஆறு மணி நேரம். பதிவு பொய் சொல்லாது. ஏழு கிலோ குறைத்திருக்கிறேன், பதினொரு மணி சப்பரை வாரம் ஒரு நாளாக்கி. அழுத்த மாத்திரை மூன்றிலிருந்து இரண்டானது. பினாங்குப் பாலத்தில் காடி ஓட்டும்போது பாட்டு சத்தமாக வைக்கத் தேவையில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் புதிய எண்கள் ஏறவில்லை. இப்போது அதில் கேஸ் டோங் மாற்றிய தேதி இருக்கிறது.

போன அக்டோபரில், ராத்திரி நல்ல மழை. மூன்று மணி இருக்கும், எங்கோ இடி விழுந்து பிளாட் முழுக்க இருட்டானது. மெஷினின் இரைச்சல் நின்றது. எனக்கு விழிப்பு வருவதற்குள் அவளுக்கு வந்துவிட்டது. என் முகத்திலிருந்து மாஸ்க்கை இழுத்துக் கழற்றி, தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

"ஏங்க, கரண்டு போச்சு. ஒருக்களிச்சுப் படுங்க."